நாலு நாள் படிக்க வேண்டிய இங்கிலீஷ்

ஒரு இங்கிலீஷ் சொல் எனக்குப் பிடிக்க வேண்டுமானால் அது அடுத்தவருக்குப் புரியக் கூடாது. இருபது வயதில் நான் வைத்திருந்த சட்டம் அதுதான். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று எழுதிவந்தேன். காலையில் குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் மனப்பாடம். சாயங்காலத்துக்குள் கல்லூரியில் யாரிடமாவது அந்தச் சொல்லைப் போட்டுப் பார்ப்பேன். கேட்டவர் முழித்தால் நோட்டில் ஒரு டிக். வாயைத் திறந்து "அப்படின்னா?" என்று கேட்டுவிட்டால் இரண்டு டிக். புரிந்துகொண்டு பதில் சொல்லிவிட்டாரானால் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிடுவேன். எல்லோருக்கும் தெரிந்த சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதை இப்போது எழுதும்போதே கூசுகிறது. ஆனால் இந்தச் சட்டத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

காரணம் இல்லாமல் இல்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் எழுந்து நின்று என் ஊரைப் பற்றி நாலு வாக்கியம் இங்கிலீஷில் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்திலேயே முன்வரிசை சிரித்துவிட்டது. மூன்றாவதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து வளர்ந்தவர், அப்போதுதான் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிகள் மெட்ராஸுக்கு வருகின்றன, இங்கிலீஷ் இருந்தால் போதும், சாதி கேட்க மாட்டான், சம்பளத்தை மட்டும்தான் பேசுவான் என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்ட காலம். சிரித்தவர்கள் எல்லோரையும் ஒருநாள் முழிக்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர்களோடு பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சொற்கள் எனக்குக் கிடைத்த இடம் ஒரு மளிகைக் கடை. குடவாசல் கடைத்தெருவில் ஒரு பாய் வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க அவருக்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். கும்பகோணத்து வக்கீல் வீடுகளிலிருந்து வருவதால் பாதி இங்கிலீஷ் பேப்பர். நான் ஒருநாள் சீரகம் வாங்கிப் பிரித்த தாளைப் படித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு கட்டு வந்தால் பிரிக்க மாட்டார். "தம்பி, பேப்பர் வந்திருக்கு. நீங்க பாத்துட்டுக் குடுங்க, அப்பறமா மடிச்சுக்கறேன்" என்பார். நான் மூட்டைமேல் உட்கார்ந்து, தலையங்கம், கோர்ட் அறிவிப்பு, கல்யாண விளம்பரம் எல்லாவற்றையும் மேய்ந்து வேண்டிய தாளை உருவிக்கொள்வேன். அவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். என்ன படிக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கடைத்தெருவில் என்னை 'ங்க' போட்டு அழைத்த முதல் மனிதர் அவர். அதே தெருவில் என் அப்பாவை அப்போதும் 'வாடா' என்று அழைத்தவர்கள் இருந்தார்கள்.

பாய்க்கு ஒரே மகன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கல்யாணம் முடிந்த கையோடு வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனிக்குப் போய் மூன்று வருஷமாகியும் லீவு கிடைக்காமல் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்ததும் கடைக்கு நாலு கடை தள்ளியிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். வீட்டுப் பெண்கள் முன்கூட்டியே போய் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே காத்திருப்பார்கள். அவருக்கு நாம் போன் செய்ய வழியில்லை. அவர்கள் தங்கிய முகாமில் போன் கிடையாது. கம்பெனியின் ஃபேக்ஸ் எண் மட்டும்தான் இருந்தது.

பாய்க்குக் காலில் வீக்கம் வந்து, கை, முகம் எல்லாம் ஊதி, தஞ்சாவூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது வீட்டில் "காய்ச்சல்தான், சரியாயிடும்" என்றுதான் சொன்னார்கள். தூரத்தில் இருப்பவரைக் கலங்க வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வது. மறுநாள் காலையில் டாக்டர் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுவிட்டார்.

வண்டியிலிருந்து பாயை இறக்கிப் படுக்க வைத்த அரை மணி நேரத்தில் எனக்கு ஆள் வந்தது. போனேன். பாயின் மனைவி பாயம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பி, அவனுக்கு ஒரு லெட்டர் எழுதணும். கம்பெனிக்குத்தான் அனுப்பணுமாம். தந்தி குடுத்தா நம்ப மாட்டாங்களாம், லீவுக்காக எல்லாரும் பொய்த் தந்தி குடுக்கறாங்கன்னு. நல்ல இங்கிலீஷ்ல விவரமா எழுதணுமாம். உங்களத் தவிர யாரு இருக்கா?"

"எழுதிடறேம்மா" என்றேன்.

அவர்கள் குரலை இறக்கினார்கள். "ஒண்ணே ஒண்ணு தம்பி. மௌத்துங்கற பேச்சு மட்டும் அதுல வேணாம். மூச்சு இருக்கற மனுசனப் பத்தி அப்படி எழுதக் கூடாது. எழுதினா பலிச்சுடுமோன்னு இருக்கு."

அவர்கள் கேட்டது சாவு என்ற அந்த ஒரு சொல்லை விடச் சொல்லித்தான். பல வருஷம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: அந்த அம்மாதான் மறைத்து எழுதச் சொன்னார்கள், நான் என்ன செய்வேன் என்று. அது பொய். மிகவும் முடியவில்லை, உடனே மகனை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தால் அவர்கள் பயந்த சொல்லும் வந்திருக்காது, சேதியும் போயிருக்கும். எனக்கு அது தெரியும். அப்போதே தெரியும்.

ஆனால் பேனாவை எடுத்ததும் எனக்குள் ஒரு குஷி வந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். இங்கே நான், நோட்டில் சேர்த்து வைத்ததையெல்லாம் இறக்க இடம் கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு முதன்முதலாகப் போகிற என் இங்கிலீஷ்! சாகும் தறுவாயில் இருப்பவருக்கு 'மாரிபண்ட்' என்று ஒரு சொல் வைத்திருந்தேன், இரண்டு டிக் வாங்கியது. அதைப் போட்டேன். அவசரத்துக்கு 'எக்ஸிஜென்ஸி'. கெஞ்சிக் கேட்பதற்கு 'சப்ளிகேட்'. மகன் என்று சொல்ல 'சன்' போதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதனாலேயே அதை விட்டுவிட்டு 'ப்ராஜெனி' என்று எழுதினேன். கோர்ட் அறிவிப்புகளில் படித்த சுற்றுவாக்கியங்கள் இடையிடையே. ஒரு முழுப் பக்கம். அண்ணனுடைய பெயரும் வேலை நம்பரும் வந்தது கடைசிப் பத்தியில்.

எழுதி முடித்ததும் பாய் படிக்கச் சொன்னார். கட்டிலருகே நின்று சத்தமாகப் படித்தேன். கண்ணை மூடியபடி கேட்டார். வாக்கியங்கள் உருண்டு உருண்டு போயின. முடிந்ததும் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"நல்லா இருக்கு தம்பி. நம்ம கடைப் பேப்பர்ல படிச்சதா?"

"ஆமா பாய்."

"என்ன எழுதியிருக்கீங்க?" என்று பாயம்மா கேட்டார்கள்.

"பாய்க்கு உடம்பு ரொம்ப முடியல, மகனைப் பாக்கணும்னு இருக்காங்க, உடனே அனுப்பி வைங்கன்னு."

தமிழில் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் கையிலிருந்த தாளைக் கிழித்துப் போட எனக்குத் தோன்றவில்லை.

பூத்துக்காரர் எட்டாவதோடு நின்றவர், எப்போதும் வாயில் பாக்கு. தாளை ஃபேக்ஸில் நுழைப்பதற்கு முன் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "என்னங்க, ஒண்ணுமே வெளங்கல?" என்றார். மனதுக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டேன். சத்தியமாகப் போட்டுக்கொண்டேன். "அவங்களுக்கு வெளங்கும்ணே" என்றேன். தாள் போனது. போய்ச் சேர்ந்தது என்று சீட்டும் வந்தது.

அன்று சனிக்கிழமை. அண்ணன் திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பதில் இல்லை. திங்கட்கிழமை யாரோ மெட்ராஸ் பஸ்ஸைப் பார்க்க ஸ்டாண்டுக்குப் போனார்கள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் பாய் கண்ணைத் திறந்தார். நான் இருமுறை பூத்துக்குப் போய்ப் பதில் ஃபேக்ஸ் வந்ததா என்று கேட்டேன். எனக்கு அப்போது கவலையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு நல்ல கடிதத்துக்குப் பதில் போடாமல் என்ன கம்பெனி இது என்று.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு அழைத்துக் கொஞ்ச நேரத்தில் பாய் போய்விட்டார்.

காலையில் பூத்துக்காரர் என்னைக் கூப்பிடவில்லை. யாரையும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அண்ணனின் பெயரையும் நம்பரையும் மேலே பெரிதாக எழுதி, கீழே தனக்குத் தெரிந்ததை எழுதினார்: ஃபாதர் டெட். சென்ட் சன். அதை அனுப்பினார். பத்து மணிக்கு அனுப்பியதற்குப் பன்னிரண்டு மணிக்குள் பதில் வந்துவிட்டது: டிக்கெட் போட்டாயிற்று, புறப்படுகிறார்.

மையத்தை, அதாவது உடலை, வைத்திருக்க முடியாது. அன்றே மாலை அஸர் தொழுகைக்குப் பின் எடுத்தார்கள். அண்ணன் வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினார். நேரே கபரடிக்குப் போய் மண்ணைத்தான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சேதி போய் வியாழக்கிழமை வந்துவிட்டார். சனிக்கிழமை சேதி போயிருந்தால்? விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். திங்கட்கிழமை. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அப்பாவோடு இருந்திருப்பார். எத்தனை முறை எண்ணினாலும் திங்கட்கிழமைதான் வந்தது.

பூத்துக்காரர் ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு, நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்க. இங்க கெடந்தா யாராச்சும் எடுத்துப் பாப்பாங்க" என்றார். கடைசிவரை யாரிடமும் அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன், பாசத்தால் அல்ல. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களிடம் பேசினார்.

"தம்பி எழுதின லெட்டர் இருக்கே! எங்க ஆபீஸ்ல அதப் படிக்கவே நாலு நாள் ஆச்சு. கிளார்க் மலையாளி, பெரிய படிப்பு. அவருக்கே வெளங்கல. ஏதோ வக்கீல் நோட்டீஸுன்னு நெனச்சு லீகல் செக்ஷனுக்கு அனுப்பிட்டாரு. அங்கயும் மேசை மேசையாப் போயிருக்கு. நான் கெளம்பறப்ப மேனேஜர் கூப்பிட்டு, இத எழுதினது யாரு, உங்க ஊர்ல இப்படி ஒரு ஆளா அப்படிங்கறாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெச்சிக்கொண்டு. திரைக்கு அந்தப் பக்கம், கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில் இருந்த பாயம்மா, "அவுக கேட்டுட்டு நல்லா இருக்குன்னாகளே" என்று சொல்லி அழுதது கேட்டது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது எனக்கான பொருளை. அட்டை தடித்த, தலையணை கனத்தில் ஒரு இங்கிலீஷ் அகராதி. "ஒங்களுக்கு இது எம்மாத்திரம், இருந்தாலும் வச்சுக்கங்க" என்றார். இரண்டு கையாலும் வாங்கினேன். அதில் இன்றுவரை நான் ஒரு சொல்லைத் தேடியதில்லை. மெட்ராஸுக்கு வந்தபோதும், வீடு மாறியபோதெல்லாமும் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்தேன். எடைக்குப் போடத் துணியவில்லை.

வேலை கிடைத்தது. அதிலும் என் நோட்டு உதவவில்லை. நேர்முகத் தேர்வில் நான் பெருமையாக எடுத்துவிட்ட ஒரு சொல்லைக் கேட்டு எதிரில் இருந்தவர், "அதைச் சாதாரணமாகச் சொல்லுங்களேன்" என்றார். சொல்ல ஐந்து நிமிஷம் பிடித்தது. இப்போது இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். தண்ணீர் பம்ப்பை வாங்கி வந்தவர் எந்த ஸ்விட்சை முதலில் போட வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில். புதிதாகச் சேர்கிறவர்கள் கடினமான சொல் போட்டு எழுதிக்கொண்டு வந்தால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். ஏன் இப்படிக் கத்துகிறார் என்று அவர்களுக்குப் புரியாது.

அண்ணன் பிறகு ஊரோடு வந்து கடையையே எடுத்து நடத்தினார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தக் கடைக்குப் போவேன். அவரும் கடையில் யார் இருந்தாலும் விடமாட்டார். "இவங்க யாரு தெரியுமா? இவங்க எழுதின இங்கிலீஷப் படிக்க எங்க ஆபீஸ்ல நாலு நாள் ஆச்சு" என்று தொடங்கிவிடுவார். மேனேஜர் வாய் பிளந்தது வருஷா வருஷம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாயம்மா காலமான அடுத்த வருஷம் போயிருந்தேன். அண்ணனின் மகள் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக அண்ணன் கதையை முதலிலிருந்து சொன்னார். சனிக்கிழமை அனுப்பியது, லீகல் செக்ஷன், மேனேஜர் எல்லாம். அவள் கவனமாகக் கேட்டாள்.

"ஏன் அத்தா, நன்னா மௌத்தானது என்னிக்கு?" தாத்தாவை அவர்கள் வீட்டில் நன்னா என்பார்கள்.

"செவ்வாக்கிழமை. சுபுஹு நேரம்."

"அப்ப லெட்டர் சனிக்கிழமையே புரிஞ்சிருந்தா நீங்க நன்னாவப் பாத்திருப்பீங்கல்ல?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அண்ணன் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஆமாம்மா" என்றேன். "பாத்திருப்பாங்க. நான் புரியற மாதிரி எழுதல. எழுதத் தெரியாம இல்ல. எழுதல."

கடைக்கு வந்த ஒருவர் கால் கிலோ உளுந்து கேட்டார். அண்ணனே எழுந்து போய் நிறுத்துக் கொடுத்தார். வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"எங்கம்மாகிட்ட சொல்லிடலியே?"

"இல்லண்ணே."

"நல்லது" என்றார்.

கிளம்பும்போது வழக்கம்போல எழுந்து வந்து வழியனுப்பினார். மகள் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. மெட்ராஸ் திரும்பும் வழியெல்லாம் எனக்கு நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தன் அத்தாவின் கடைசி நாட்களைப் பற்றி அண்ணன் கையில் இருந்த ஒரே பெருமையான கதையையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

அடுத்த முறை போக ஒரு வருஷமானது. "வாங்க தம்பி" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வந்தது. மழை, மேட்டூரில் தண்ணீர் திறந்தது, மகளுக்குப் பெங்களூரில் கிடைத்த வேலை என்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே வந்த ஒருவர் என்னைக் காட்டி, "யாரு பாய் இவங்க, வெளியூரா?" என்று கேட்டார்.

"இல்ல, நம்ம ஊருதான். அத்தாவுக்குத் தெரிஞ்சவங்க" என்றார் அண்ணன்.

வந்தவர் தலையாட்டிவிட்டு வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார். நான் டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே இருந்தேன், டீ ஆறிவிட்டது. எதற்காக இன்னும் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிதக் கதையை அவர் சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.